தனி அறை

அன்புள்ள அத்தானுக்கு,

இட்லி அனுப்பியிருக்கிறேன், எண்ணெய் தொடவில்லை. சாப்பிட்டுவிட்டு இதைப் படியுங்கள். நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து மறுபடியும் இளகிவிடுவேன்.

உங்களைச் சேர்த்த அன்று டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். நான்தான் முந்திக்கொண்டு, ஊரெல்லாம் பரவுகிற தொற்றுக் காமாலைதான் என்றேன். இதே ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? இருக்கிற ஒரே தனி அறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆர்.கே.புரத்தில் எதிர்வீட்டுக் காமாக்ஷி மாமி பயந்துபோய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாள். மலை மந்திர் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனையும் செய்தாளாம். பீரோவுக்குப் பின்னாலிருந்த பாட்டில்களை நான் பழைய சாமான்காரனிடம் போட்டது அவளுக்குத் தெரியாது.

இன்று காலை என் வார்டுக்கு ஒரு கர்ப்பிணி வந்திருக்கிறாள். அவளுக்கு நிஜமாகவே அந்தக் காமாலை. தனி அறை காலியில்லாததால், இந்த ஜனவரிக் குளிரில் வராந்தாவில் கிடக்கிறாள். அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேட்டீ, மகளே, உள்ளே இருக்கிறவருக்கு எப்போது குணமாகும்?" என்று கேட்டாள். கையை விடுவித்துக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

இதை அனுப்பிவிட்டு டாக்டரிடம் போகிறேன். ஸ்ட்ரெச்சர் வந்தால் தகராறு செய்யாதீர்கள். பொது வார்டில் யாரும் வந்து பார்க்கலாம். சாயங்காலம் உங்கள் ஆபீஸ்காரர்கள் வருவார்கள், மாமியும் விபூதியோடு வருவாள். உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதுவரை உங்களுக்காகப் பதில் சொல்லி வந்தவள்