ஒரே வேலைக்கு இரண்டு பேர்

வியாழன், இரவு.

வேலை தேட இன்றும் ஆவடி நூலகத்துக்குப் போனேன். அங்கே இலவசக் கணினி முன்னால் முருகேசன் சார் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் கம்பெனியில் என்னை வேலையிலிருந்து நிறுத்திய சூப்பர்வைசர். பிறகு அவரையும் நிறுத்திவிட்டார்களாம்.

"ரேவதி, பயோடேட்டாவ இதுல எப்டிம்மா ஏத்தறது? நூலகர் அம்மா ரெண்டு தபா சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு வர்ல."

நானே ஏற்றிக் கொடுத்தேன். அவர் விண்ணப்பித்தது திருமழிசையில் குவாலிட்டி செக்கிங் வேலைக்கு, ஒரே ஓர் ஆள்தான் தேவை. நேற்று நானும் அதற்கு விண்ணப்பித்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அப்போ எனக்கு வேணாம்மா. உட்ரு."

"பரவால்ல சார்" என்று சொல்லி அவருடைய விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. நாளைக்கும் அவர் வருவார். பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார வேண்டும்.