அண்ணன் பேசிய நாட்கள்

மார்ச் 4

இன்று வகுப்பில் கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைத்த நோயாளிகளைப் பற்றிப் பாடம். ஆக்சிஜன் மேடம் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டி, "இதை யாராவது கையில தொட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெயர் நாங்கள் வைத்தது, அவருக்கும் தெரியும். நான் கையைத் தூக்கவில்லை. வீட்டில் தினமும் துடைக்கிற சாமான்தான் அது. அண்ணனைப் பற்றி வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

சுவாசச் சிகிச்சைப் பட்டப்படிப்பு, கடைசி ஆண்டு. சேர்ந்ததே அவனுக்காகத்தான். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தபோது அவன் எலக்ட்ரீஷியன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் சொல்பேச்சு கேட்பதில்லை, மூச்சு உட்பட. மூச்சை மிஷின் விடுகிறது.

அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எம் பொண்ணு படிச்சு முடிக்கட்டும், மிஷினைக் கழட்டிடுவா." கழற்ற முடியாது என்று இரண்டாம் ஆண்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அம்மாவிடம் சொல்லத்தான் இன்னும் துப்பு வரவில்லை.

மார்ச் 6

அந்தக் குழாயைச் சுற்றித் தொண்டைக்குள் ஒரு குட்டிப் பலூன் இருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சால் அதில் காற்றை ஏற்றுவோம். பலூன் அடைத்துக்கொண்டால் மிஷின் தள்ளுகிற காற்று முழுவதும் நுரையீரலுக்குப் போகும், குரல்வளைப் பக்கம் துளிகூட வராது. அதனால்தான் அண்ணனுக்குப் பேச்சில்லை. இதெல்லாம் தெரிந்ததுதான்.

இன்று மேடம் சொன்னது: நன்றாக விழுங்கத் தெரிந்த சிலருக்குப் பலூன் காற்றை இறக்கிவிடலாம். மிஷின் தள்ளும் காற்றின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் போதும். மேலே கசிகிற காற்றில் பேசலாம்.

பேசலாமா?

அவனுக்கு நாக்கு, உதடு எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது. டீ குடிக்கிறான். அஞ்சு வருஷமாச்சே! ஒரு டாக்டரும் வாயைத் தொறக்கலையே. நாங்களும் கேக்கலையே. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்க?

மார்ச் 9

அண்ணனின் உதட்டசைவு அம்மாவுக்குத்தான் புரியும். எனக்குப் பாதி புரியும், பாதி குத்துமதிப்பு. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் டாக்டர்கூடக் கேள்வியை அவனிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அம்மா முகத்தைத்தான் பார்ப்பார். "நல்லா தூங்குறானாம் டாக்டர்." "வலியெல்லாம் இல்லையாம்." "டீ நல்லா இருந்துச்சாம்."

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "இருக்கிறதையும் கெடுத்துக்காதடி" என்றாள். "அவன் சொல்றதுதான் எனக்குப் புரியுதே, அப்புறம் எதுக்குக் குரல்?"

பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 18

ஆய்வகத்துக்கு வெளியே மேடத்தைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவில் அழுகை வேறு. "இத்தனை நாளா ஏம்மா வாயில கொழுக்கட்டையா?" என்று திட்டினார். பிறகு டாக்டரின் எண்ணைக் கேட்டு வாங்கினார்.

மார்ச் 30

டாக்டரும் மேடமும் சேர்ந்து வந்தார்கள். அம்மா கதவருகிலேயே நின்றாள்.

மேடம் அவன் வாயிலும் தொண்டையிலும் இருந்த எச்சிலை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிரிஞ்சை என் கையில் கொடுத்தார். இழுத்தேன். மிஷின் கத்தியது. மேடம் அளவைக் கூட்டினார். எங்கிருந்தோ குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அண்ணன் கண்கள் பெரிதாயின. அது அவன் சத்தம்.

"மிஷின் தள்ளுறப்ப பேசுங்க. அது நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க. அடுத்த மூச்சுல மிச்சத்தைச் சொல்லலாம்" என்றார் மேடம்.

அவன் காத்திருந்தான்.

"அம்மா... அந்த சீரியலை... நிறுத்தித் தொலை."

எல்லோரும் சிரித்துவிட்டோம், டாக்டர் உட்பட. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "உனக்குப் பிடிக்கும்னுல்லடா நெனச்சேன்!" பழைய குரல் இல்லை. யாரோ அடுத்த வீட்டுக்காரர் பேசுவதுபோல் கரகரப்பாக இருந்தது. இருந்தால் என்ன, குரல்தானே.

பழக்கதோஷத்தில் டாக்டர் கேட்டார், "நல்லா தூங்குறீங்களா?" அம்மா வாயைத் திறப்பதற்குள் அவனே, "இல்ல" என்றான்.

ஏப்ரல் 5

என்னைச் சின்ன வயதுப் பட்டப்பெயரால் "கத்திரிக்கா" என்று கூப்பிட்டான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 13

கூட வேலை பார்த்தவருக்கு ஃபோன் போட்டுக் கொடுக்கச் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டேன். மிஷின் நிறுத்துகிறபோதெல்லாம் இவன் பேச்சு பாதியில் நிற்கும். அந்தப் பக்கத்தில் அவர், "ஹலோ, ஹலோ, லைன் கட்டாகுதுப்பா, டவர் இல்ல போல" என்று கத்திக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அண்ணன், "வச்சுடு" என்றான்.

வேறு யாருக்குப் போடட்டும் என்று கேட்டேன். யோசித்தான். யாருமில்லை என்றான்.

ஏப்ரல் 22

பயிற்சி முடிந்து மூன்று மணிக்கே வந்துவிட்டேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். "உக்காரு" என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றி நினைத்துக்கொள்வேன்.

"அஞ்சு வருஷமா... அம்மாகிட்ட... சொல்லிட்டுத்தான் இருக்கேன். போதும்னு. டாக்டர்கிட்ட... சொல்லுன்னு. அவங்க... வேற ஏதாச்சும்... சொல்லிடுவாங்க."

என்ன போதும்? தெரியாத மாதிரி கேட்டேன்.

"இந்த மிஷின். ஆஸ்பத்திரியில... சேர்த்து... வலியில்லாம... நிறுத்தச் சொல்லு. சட்டத்துல... இடமிருக்கு. ஆனா நோயாளியே... வாயால சொல்லணும். நீதான... படிச்சே?"

படித்தேன். போன செமஸ்டரில் நெறிமுறைத் தாளில் எழுதியும் இருக்கிறேன்: தெளிந்த மனமுள்ள நோயாளியின் முடிவே இறுதியானது. எட்டுக்கு ஏழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

மனசு சரியில்லையென்றால் அதற்கும் மருந்து இருக்கிறது, யாரிடமாவது மனம்விட்டுப் பேசலாம் என்று உளறினேன்.

"பேசிட்டுத்தான... இருக்கேன்" என்றான்.

ஏப்ரல் 23

நான்தானே பேச வச்சேன். யார் கேட்டாங்க என்னை?

ஏப்ரல் 27

அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "நீ மாத்திச் சொன்னியாம்மா?"

அம்மா திரும்பவே இல்லை. "ஆமா, சொன்னேன். எம் புள்ள சாகணும்கிறான்னு எம் வாயாலயே சொல்லணுமா? நீ சொல்லுவியா?"

"அவனோட வாய்தானேம்மா அது. அவன் உயிர்தானே."

"அவன் உயிரா? ராத்திரி பகலா நான் உக்காந்து உறிஞ்சி எடுக்கிறேனே, அப்ப யாரு உயிராம்?" கரண்டியைத் தொட்டியில் எறிந்தாள். "தங்கச்சி படிச்சு முடிச்சு வந்து கழட்டிடுவா, தங்கச்சி வந்துடுவான்னு சொல்லிச் சொல்லித்தாண்டி அவனை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன்."

"கழட்ட முடியாதும்மா."

சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாகத் தேடிய நல்ல நேரம், குக்கர் சத்தத்துக்கு நடுவில் வந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு, "அப்ப என்ன எழவுக்குடி படிச்சே?" என்றாள்.



மே 2

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வருகிறார். அண்ணன் ஒத்திகை பார்க்கிறான். ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தைதான் அடங்கும் என்பதால் வாக்கியங்களை உடைத்து உடைத்து வைத்திருக்கிறான். எங்கே நிறுத்தினால் அர்த்தம் மாறாது என்று என்னிடம் கேட்டான். நானும் திருத்திக் கொடுத்தேன். கல்லூரிச் செமினாருக்குத் தயார் செய்கிற மாதிரி. எனக்கு மட்டும் என்ன மனசு கல்லா?

டாக்டரிடம் சொன்னால் உடனே ஒன்றும் நடந்துவிடாது, டாக்டர்கள் குழுவாகக் கூடுவார்கள், பலமுறை கேட்பார்கள் என்றேன். "கேக்கட்டும்" என்றான். பல நாளைக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மே 4

நான் குளித்துவிட்டு வந்தபோது பலூனில் காற்று ஏறியிருந்தது. அம்மாவுக்குச் சிரிஞ்சு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். மிஷின் அளவையும் பழையபடி சரியாகக் குறைத்துவைத்திருந்தாள். பிசகே இல்லை. நல்ல மாணவி.

டாக்டர் உட்கார்ந்தார். "என்ன, இன்னிக்குப் பேச்சையே காணோம்?"

"ராத்திரியிலேர்ந்து சளி டாக்டர். மூச்சு முட்டுதாம். காத்தை ஏத்திவிடச் சொன்னான்."

அண்ணன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். உதடு அசைந்தது. இந்த முறை குத்துமதிப்பே தேவைப்படவில்லை, ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. நான் திருத்திக் கொடுத்த வாக்கியங்கள், நான் நிறுத்தச் சொன்ன இடங்களில் நின்று நின்று வந்தன.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற? நீதானே பாத்துக்கிறே?"

சிரிஞ்சு தட்டில் இருந்தது, கை நீட்டினால் எட்டும் தூரம். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்களைப் பார்த்தேன்.

"ஆமா டாக்டர், சளி இருந்துச்சு" என்றேன்.

"அப்ப கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மே 5

இன்றைக்கே இறக்கிவிடலாம். நாளைக்கும் இறக்கிவிடலாம். டாக்டருக்கு ஃபோன் செய்ய ஒரு நிமிடம் ஆகாது.

அவனைக் காப்பாத்தினேனா? இல்ல. எனக்கு அவன் வேணும், அவ்வளவுதான். அம்மாவை என்னமோ பெருசா கேள்வி கேட்டேனே.

மே 21

கொஞ்ச நேரம் மட்டும் இறக்கிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "விட்டா என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும். போய்ப் படிக்க உட்கார்ந்தேன்.

ஜூன் 19

வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: வீட்டில் மிஷினில் இருக்கும் நோயாளிக்குப் பலூன் காற்றை இறக்குவதால் என்ன நன்மை? ஆக்சிஜன் மேடம் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் வரிசையாகச் சொன்னேன். விழுங்குவது மேம்படும். தொண்டைப் புண் குறையும். கடைசியாக, தனக்கு என்ன வேண்டும் என்பதை நோயாளி தானே சொல்ல முடியும்.

"பிரமாதம்" என்றார்.

வெளியே வந்து மேடம் தோளைத் தட்டினார். "அண்ணன் எப்படிப் பேசுறார்?"

"நல்லா பேசுறார் மேடம்."

ஜூலை 8

முதல் வகுப்பில் தேர்ச்சி. அம்மா முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அண்ணன் கட்டிலருகே நிறுத்தினாள். "டேய், தங்கச்சி பாஸாயிட்டாடா!" என்று அவன் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரொம்ப சந்தோஷமா இருக்காம். இன்னும் நல்லா வரணும்னு சொல்றான்" என்றாள்.

நான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உதடு அசையவே இல்லை.