வயிற்று வருத்தம் என்று எழுதிய துண்டு

லிங்கநகர்,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் யதுர்சனுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மெல்பேர்ணில் நீரும் மருமகளும் சுகமாக இருப்பதை நீங்கள் போடும் படங்களிலிருந்து அறிந்துகொள்கிறோம். வழமையாக இந்த இடத்தில் தங்கச்சியும் சுகம் என்று எழுதுவேன், இம்முறை எழுதவில்லை. லோஜினி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு பதினொரு நாள். உயிரோடு இருக்கிறாள், அதற்கு மேல் எதையும் இப்போது உறுதியாகச் சொல்லமாட்டேன். தொலைபேசியில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நீர் கேட்கக்கூடும். தொலைபேசியில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீர் நான்கு மருந்தின் பெயரைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவீர். கடிதத்தை இடைமறித்துப் பேச முடியாது.

மற்றச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். புல்மோட்டை மண் ஆய்வுகூடத்தில் இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கச்சான் காற்று தொடங்கி வீடு முழுவதும் புழுதி. அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, நீர் அனுப்பிய களிம்பு முடிந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம், இங்கே வாங்கிக்கொள்வோம். உம்மிடமிருந்து இந்த வீட்டுக்கு மருந்து வருவதை நான் இனி விரும்பவில்லை.

மாசி மாதத்திலிருந்து லோஜினி நித்திரையில்லாமல், சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழும்பி, ரியூசனுக்குப் போகாமல் இருந்ததும், அம்மா அவளை டொக்டர் பாக்கியரத்தினத்திடம் கூட்டிச் சென்றதும் உமக்குத் தெரியும். நீர் பிறந்த நாளிலிருந்து இந்த வீட்டுக் காய்ச்சல் சளியெல்லாம் பார்த்தவர் அவர் என்பதால் வேறொருவரை நாங்கள் நினைத்துப் பார்க்கவேயில்லை. ஒருவர் ஸ்ரூலில் இருக்கும்போதே அடுத்த இலக்கக்காரர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டிஸ்பென்சரி அது. அவர் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் அம்மாவிடம். என்ன தங்கச்சி, மகள் ஆரையும் லவ் பண்ணுறாவோ என்று கேட்டுச் சிரித்திருக்கிறார், வெளியே வாங்கில் இருந்த சனமும் சேர்ந்து சிரித்திருக்கிறது. உது சோதினைக் காய்ச்சல், போனைப் பறிச்சு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ, எல்லாம் சரிவரும் என்று சொல்லி விற்றமின் குளிசைகளைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை நான் வழமைபோலப் புல்மோட்டையிலிருந்து வந்து போனைப் பறித்துப் பூட்டினேன். ஏஎல் சோதினைக்குப் படிக்கிற பிள்ளை பகலில் நித்திரை கொள்ளுறதோ என்று ஏசவும் செய்தேன். என் பங்கை நான் மறைக்கவில்லை, ஆனால் அதைக் காட்டி உம் பங்கை நீர் குறைத்துக்கொள்ளவும் விடமாட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அவள் பள்ளிக்கூட உடுப்போடு தனியாக அதே டிஸ்பென்சரிக்குப் போய், இலக்கம் எடுத்து, இருமுகிற சனத்தின் நடுவில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து, டொக்டர், எனக்கு இருக்க விருப்பமில்லை, இதை ஆருக்குச் சொல்லுறதெண்டும் தெரியேல்ல என்று சொல்லியிருக்கிறாள். தன்னைப் பார்த்துச் சிரித்த மனிதனிடமே திரும்பிப் போய் உதவி கேட்பதற்கு என்ன துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாரும். அந்த மாலையில் ஒரு வைத்தியர் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுவது. அவரோ வீட்டில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, மெல்பேர்ணுக்கு அழைத்து உம்மிடம் சொன்னார். நீங்கள் இருவரும், இரண்டு குடும்ப வைத்தியர்கள், அவளை விட்டுவிட்டு அவளுடைய பெயரைக் காப்பாற்ற முடிவெடுத்தீர்கள். மனநலக் கிளினிக் கொப்பி அவள் கைக்கு வந்தால் ஊர் கதைக்கும் என்றீர். அடுத்த வருடம் அவளை உம்மிடம் படிக்க எடுக்கும்போது விசாப் படிவத்தில் மனநோய் உண்டா என்று கேட்பார்கள் என்றீர். ஆகவே அவர் மருந்துத் துண்டில் கஸ்ரைற்றிஸ், வயிற்று அழற்சி, என்று எழுதி ஒரு மாதத்துக்கு வயிற்றுக் குளிசை கொடுத்தார். நான் பிறகு திருப்பிக் கொடுத்த போனில் நீர் தங்கச்சிக்கு அனுப்பிய செய்தியை, அவள் காட்ட, நான் என் கண்ணால் வாசித்தேன்: செல்லம், ஆர் கேட்டாலும் வயித்து வருத்தம் எண்டு சொல்லு, மிச்சத்தை அண்ணா பாக்கிறன். என் ஆய்வுகூடத்தில் ஒருவன் மாதிரிப் போத்தலில் தெரிந்துகொண்டே வேறு பெயரை ஒட்டினால் அன்றே அவனை வெளியே அனுப்பிவிடுவேன், அதன் பிறகு எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் வரும் விடை பொய்யாகத்தான் இருக்கும். அவள் நான்கு கிழமை அந்தக் குளிசைகளை ஒழுங்காக விழுங்கினாள். மிச்சத்தை நீர் எப்படிப் பார்த்தீர் என்பதை அந்தச் சனிக்கிழமை காலை நாங்கள் கண்டோம். அதை எழுத மாட்டேன், அம்மா அழுதழுது உமக்குச் சொல்லியிருக்கிறா.

ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்த டொக்டர் சப்ரினா கிண்ணியா ஊர்ப் பிள்ளை, உம்மைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். எங்களை வெளியே போகச் சொன்னா. நான் தாய், எனக்குத் தெரியாதது அவளிட்ட என்ன இருக்கு என்று அம்மா எழும்ப மறுத்தபோது, அன்ரி, அதத்தான் கேக்கப் போறன், நீங்க போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க என்று சிரித்த முகத்தோடு சொல்லிக் கதவைச் சாத்தினா. ஐம்பது நிமிடம். பிறகு லோஜினியிடம் அனுமதி கேட்டு, அவள் சம்மதித்தவற்றை மட்டும் எங்களுக்குச் சொன்னா. அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, சேர், பிள்ளைக்கு எத்தின தரம் வயிறு நொந்தது என்று கேட்டா. ஒரு தரமும் நொந்ததில்லை.

பாக்கியரத்தினத்திடம் போனேன். இரத்தினசிங்கம், கதவைச் சாத்திப்போட்டு இரும், சனம் பாக்குது என்றார். அந்த அறைக்கு ஒரு கதவு இருப்பதும் அது சாத்தப்படக்கூடியது என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும், என் மகளுக்கு அது சாத்தப்படவில்லை. நான் என்ன செய்ய, உம்மட மகன்தான் வேண்டாமெண்டவர், அவரும் டொக்டர்தானே, பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க கதை வந்தால் என்றார். கலியாணம் பேசப் பிள்ளை இருக்க வேணும் டொக்டர் என்றேன். கிழமையில அஞ்சு நாள் புல்மோட்டையில மண் சோதிக்கிற நீர் எனக்குப் பிள்ளை வளக்கப் படிப்பிக்கிறீரோ என்று திருப்பிக் கேட்டார். அது உண்மைதான், அதனால்தான் லீவில் நிற்கிறேன். தன் பிழைக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நீர் போன கிழமை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கொழும்பில் ஒரு தனியார் வைத்தியரிடம் வேறு பெயரில் நேரம் எடுத்து, வான்காரனோடும் பேசி வைத்திருக்கிறீர். அம்மா பையும் அடுக்கிவிட்டா. அதைப் பிரித்து உடுப்பை அலுமாரியில் வைத்தவன் நான். லோஜினியிடம் என்ன விருப்பம் என்று கேட்டேன், இந்த வீட்டில் அப்படிக் கேட்கப்பட்டது அதுதான் முதல் தரம். எனக்கு சப்ரினா டொக்டரே காணும் அப்பா, வேற ஆரும் வேண்டாம், அவவுக்கு நான் பொய் சொல்லத் தேவையில்லை என்றாள். புதன்கிழமை கிளினிக்குக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுக்கும் பொது வரிசையில் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு அம்மா கண்டுவிட்டு, என்ன பிள்ளைக்கு, காய்ச்சலோ என்று கேட்டா. உம் அம்மா வயித்துக்குள்ள என்று தொடங்க, லோஜினி, இல்லை அன்ரி, மனநலக் கிளினிக்குக்கு வந்தனான் என்று சொன்னாள். அந்த அம்மா, என்ர மூத்தவளும் வாறவள் பிள்ளை, வெள்ளென வந்தால் கெதியாப் போகலாம் என்றா. நீர் எந்த ஊருக்குப் பயந்தீரோ அந்த ஊர் சொன்னது அவ்வளவுதான்.

இனி தங்கச்சியின் வைத்தியத்தைப் பற்றி அம்மாவிடமோ பாக்கியரத்தினத்திடமோ நீர் ஒரு சொல்லும் பேசக்கூடாது. கொழும்பு நேரத்தை நீரே இரத்துச் செய்யும். அவள் பேச விரும்பினால் தானே எடுப்பாள், அதுவரை அவளை அழைக்க வேண்டாம், எடுக்கும் நாளில் அண்ணனாக மட்டும் பேசும். மருமகளுக்கு எங்கள் அன்பைச் சொல்லும். கடவுள் உமக்கு நீண்ட ஆயுளையும், பதினேழு வயதில் உம்முன் வந்து இருக்கும் எவருடைய பிள்ளையையும் கடைசிவரை கேட்டு முடிக்கும் பொறுமையையும் தரட்டும்.

அடுத்த கிளினிக் வருகிற புதன், காலை எட்டு மணி. அன்று என் தொலைபேசி நிறுத்தப்பட்டிருக்கும்.

உம் தகப்பன்,
க. இரத்தினசிங்கம்