காய்ந்த களா விதை

திண்டிவனம்
புரட்டாசி 24

அன்பு மகள் அமலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பாய். போன் எப்போதும் அம்மா கையில், அதுவும் ஸ்பீக்கரில். அவள் காதில் விழக் கூடாதது ஒன்று இருக்கிறது. முழங்கால் வலி, எனக்கு டிக்கெட் போடாதே என்று அவள் உன்னிடம் சொன்னாளே, அது பொய். நேற்றுகூடக் குடத்தோடு ஏரி வரைக்கும் போய் வந்தாள். உன் பிரசவத்துக்கு அவள் வர மாட்டேன் என்பதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணம் நான்தான், அது அவளுக்கு இன்னும் தெரியாது.

ஏரிக்கரைப் புதரை எல்லாம் பிளாட் போடுகிறவர்கள் பொக்லைன் வைத்து வழித்துவிட்டார்கள். ஓரத்தில் ஒரே ஒரு களாச்செடி மிச்சம் இருந்தது. அதுவும் போவதற்குள் ஆவணியில் அம்மா ஒரு முறம் பழம் பறித்து வந்தாள். கொல்லையில் புளியமரத்து நிழலில் கீரைகூட நிற்பதில்லை, களா நிழலைத் தாங்கும், வேலியாகவும் ஆகும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். பழத்தைப் பிசைந்து விதை எடுத்து ஈரச் சாக்கில் பரப்பினாள். மறுநாள் ஊன்ற இருந்தவளை விழுப்புரத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், உன் சித்திக்கு ஆபரேஷன். "சாக்கு காயாம தண்ணி தெளிச்சிக்கினே இருங்க, மறந்துடாதீங்க" என்று படியிறங்கும்போதுகூடச் சொன்னாள். எனக்கா விதையைப் பற்றிச் சொல்வது என்று ரோஷம் வந்துவிட்டது எனக்கு. நாற்பது வருஷமாகக் கேப்பையும் கத்தரியும் மல்லாட்டையும் காய வைத்து விதை எடுத்தவன் நான். விதை ஈரத்தில் கிடந்தால் அழுகாதா? சாம்பலில் புரட்டி மூன்று நாள் நல்ல வெயிலில் மொட்டை மாடியில் போட்டேன். அவள் வரும் அன்று பயம் வந்துவிட்டது. சாம்பலைக் கழுவி மறுபடி ஈரச் சாக்கில் பரப்பி, ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்துவிட்டேன்.

மண் நிரப்பிய அறுபது பாக்கெட்டில் ஊன்றினாள். ஒன்றரை மாதம் ஆகிறது, ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. உனக்குத் தெரியும், ஊரில் யார் நாற்றங்கால் போட்டாலும் முதல் பிடி விதை உன் அம்மா இருதயமேரி கையால்தான் விழ வேண்டும் என்பார்கள். இந்தத் தடவை நாற்று விடச் சீனுவாசன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. "என் கை செத்துப்போச்சுங்க, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வருஷம் உனக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்ததையும் இதில் சேர்த்துவிட்டாள். அந்தச் சமயம் உன் வயிற்றைத் தடவிப் பார்த்தது அவள்தானாம். பிறக்கப்போகும் பிள்ளையை இந்தக் கையால் வாங்க மாட்டேன் என்கிறாள். தினமும் காலையில் பாக்கெட்டுகள் பக்கத்தில் குந்திக்கொண்டு மண்ணைப் பார்க்கிறாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். போன வாரம் வானூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் விசாரித்தேன். அங்கே வேலை செய்யும் கலைமதி என்கிற பெண், "களா விதைய காய வச்சா செத்துடும் தாத்தா, ஈரத்தோட ஜல்தியா ஊனிடணும்" என்றாள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன், இன்னும் வாய் திறக்கவில்லை. நீதான் போனில் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதுவரை எழுதியது நேற்று. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. கட்டினவளிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளைத்தாய்ச்சி மகள் தலையில் கட்டுகிறவன் என்ன ஆள்? இன்று காலை கொல்லைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. ஒரு பாக்கெட்டைக் கவிழ்த்து, விதையைத் தேடி எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே கருத்திருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. இருபது பாக்கெட்டாவது கவிழ்த்திருப்பாள். "அப்ப நான் ஊனும்போதே செத்ததுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "நான் அழுவுறத பாத்துக்கினே ஒன்ற மாசமா எப்டிய்யா சோறு துன்ன நீ?" என்று கேட்டாள். எனக்கே போன வாரம்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உனக்கு மறைப்பானேன், இருபது நாள் தாண்டியும் முளைக்காதபோதே என் மனசுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது இன்றுதான். பிறகு அவள் உள்ளே போனாள். பெட்டியை இறக்கித் துடைத்து, உனக்கு இடித்து வைத்திருந்த பிரசவ மருந்தை முதலில் வைத்தாள்.

ஆகையால் ஒரு டிக்கெட் போடு, ஒன்றே போதும். என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அவளிடம் சிபாரிசு பண்ணாதே, நான் கேட்கும் இடத்தில் இல்லை. இரும்பு மாத்திரையை விடாதே, படிக்கட்டில் பிடித்து இறங்கு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. மாதா உன்னையும் பிள்ளையையும் கைவிடாமல் காக்கட்டும். நர்ஸ் பிள்ளையை வெளியே கொண்டுவந்ததும் அம்மா தயங்கினாலும் தயங்குவாள். விடக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை, அவள் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அவளிடமே முதலில் கொடுக்கச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. தேவசகாயம்