ஆசிரியர் ஐயாவுக்கு நீர் எழுதிய வரி

சிநேகிதி, நேற்று வியாழக்கிழமை எங்கள் சமையலறை மேசையில் நாலு பேர் இருந்தோம்: நான், என் கணவர், உம்முடைய மகள் சிந்து, கோயில் ஆண்டு மலர் வெளியிடும் குழுவின் செயலாளர் அண்ணை. வேறு ஒருவரும் இல்லை. சிந்து பையைத் திறந்து உம்முடைய தாள்களை எடுத்து வைத்தாள். விரித்தவுடன் அந்த வாசம் வந்தது. கடிகார எண்ணெயும் நீர் கைக்குப் பூசுகிற கிரீமும் கலந்த வாசம். நீர் கண்ணை மூடி இரண்டு வருடம் தாள்கள் பெட்டிக்குள் கிடந்தும் அந்த வாசம் போகவில்லை. தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன்.

அந்தத் தாள்கள் வந்த கதை உமக்குத் தெரியும். ஆனாலும் உமக்கே சொல்ல ஆசையாக இருக்கிறது. 2009இல் ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லி ஜெனீவா ஊர்வலங்களுக்குப் போய்ப் போய், பிறகு போவதற்கு ஒன்றுமில்லாமல் ஆன குளிர்காலம் அது. இந்தச் சுவிஸ் மலை ஊரான லா ஷோ-து-ஃபோனின் பனியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்து நடந்தோம். புதுச் செய்தி கேட்க மனம் வரவில்லை. அப்போதுதான் சிந்து இணையத்தில் தேடி, நூறு வருடத்துக்கும் முந்திய யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றின் பக்கங்களை அச்சடித்துத் தந்தாள். "பழைய செய்தியெண்டா வாசிக்கலாம்" என்றீர். வியாழன்தோறும் மணிக்கூட்டு ஆலை விட்டதும் நேரே என்னிடம் வந்தீர். நான் வாசிப்பேன். நீர் பென்சிலோடு இருப்பீர்.

மேற்கு நாடுகள் எப்படிச் செல்வத்தில் வளர்ந்தன என்று அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கிழமைதோறும் எழுதியிருந்தார். நீராவி இயந்திரம், பலர் முதல் சேர்த்து நடத்தும் கம்பனி, மணி தவறாத வேலை, சிக்கனம் என்று காரணம் காட்டியிருந்தார். எங்கள் சனம் காசை நகையாகப் பூட்டி வைத்துவிட்டு வெயிலைச் சாட்டிப் படுக்கிறது என்று கடிந்தும் இருந்தார். எட்டாம் வகுப்போடு நின்று, பிறகு கைக்கு வந்ததையெல்லாம் வாசித்துத் தேறிய எனக்கு அவருடைய தமிழே தேவாரம் மாதிரி இருந்தது. சதம் பிசகாமல் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். அவர் என் கட்சி என்று நினைத்தேன்.

உமக்கோ அவர் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர் மாதிரி. தாளின் ஓரத்தில் அவரோடு நேரே கதைத்தீர். மணி தவறாமையைப் புகழ்ந்த இடத்தில், "ஐயா, நீர் ஒரு கிழமை எங்கட ஆலையில வந்து நில்லும்" என்று எழுதினீர். கம்பனிகளைப் புகழ்ந்த இடத்தில், "இந்தியாவில இருந்து கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்து வழியில செத்த சனத்தை எங்க எழுதினனீர்?" என்று கேட்டீர். இந்த மலை ஊரிலும் ஒருகாலம் பசி இருந்ததாம், பனிக்காலத்தில் மாடு வளர்த்தவர்களே வீட்டுக்குள் இருந்து மணிக்கூட்டுச் சில்லு அராவினார்களாம் என்று உம்மோடு வேலை செய்த இந்த ஊர் மனுசி சொன்னதையும் ஒரு மூலையில் எழுதி வைத்தீர்.

ஒருநாள் தாள்களை என்னிடம் விட்டுப் போனீர். பென்சில் மங்குகிறது, மையால் எழுதி வைப்போம் என்று தொடங்கினேன். ஒரு பெரிய மனிதரை இப்படியா கேட்பது என்று எனக்குப் பொறுக்கவில்லை. வெயிலைச் சாட்டிப் படுக்கிற சனம் என்ற பத்திக்குப் பக்கத்தில் நீர் எழுதியிருந்த நீண்ட வரியை முழுதும் வாசிக்காமலே ரப்பரால் அழித்தேன். கணக்குக் கொப்பியில் வெட்டுத்திருத்தம் பிடிக்காதவள் அல்லவா, சுத்தமாகவே அழித்தேன். அதன் மேல், "ஆசிரியர் இதனை மீண்டும் சிந்தித்திருக்கலாம்" என்று அழகாக எழுதினேன்.

நீர் பார்த்தீர். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே சொன்னீர்: "அந்தாள் செத்து எவ்வளவு காலம். அவருக்கு மரியாதை குடுத்துப்போட்டீர் காணும். எனக்குத்தான் மிஞ்சேல்லப் போல."

மூன்று வியாழன் வரவில்லை. நாலாவது வியாழன் வந்து, வடை கேட்டு, பழையபடி இருந்தீர். அந்த வரியில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கோபம் திரும்பும் என்று பயம். பிறகு உமக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவரிடம் அதைக் கேட்பது அழகில்லை என்று விட்டேன்.

நேற்றுச் செயலாளர் அண்ணைக்கு ஆசிரியரின் கட்டுரைகள் மட்டும்தான் வேண்டியிருந்தன. கோயில் மலரில் ஒரு பெரியவரோடு சண்டை பிடிக்கிறது வடிவில்லையாம். அம்மாவின் எழுத்து இல்லாமல் ஆசிரியர் மட்டும் அச்சுக்குப் போகத் தேவையில்லை என்று சிந்து சொன்னாள். எதிலும் வாய் திறக்காத என் கணவர், "அவ எழுதினதுதான் வாசிக்க நல்லாயிருக்கு" என்றார். அண்ணை சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் உம்முடைய பெயரோடு போடுவதாகச் சம்மதித்தார்.

அப்போது சிந்துவின் விரல் என் மை வரியில் நின்றது.

"இது அம்மான்ர எழுத்தில்லையே, மாமி?"

சொன்னேன், எல்லாவற்றையும். அவள் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "ஐயா, என்ர அம்மா" என்பது வரைக்கும் பென்சில் தடம் தெரிந்தது. அதற்குப் பிறகு இருந்ததை என் எழுத்து மூடியிருந்தது.

உம்முடைய அம்மா விடியமுதல் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போவார் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறீர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்து ஒரு வரி நானே எழுதிவிடலாம் என்று அண்ணை சொன்னார். மாட்டேன் என்றேன். இப்போதெல்லாம் யாராவது எங்கள் சனம் சோம்பேறி என்றால் உடனே எனக்கு "ஐயா" என்று வாயில் வருகிறது. மிச்சம் வருவதில்லை.

இன்று வெள்ளி. விளக்கேற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிறு காலை தாள்கள் அச்சுக்குப் போகின்றன. "என்ர அம்மா" என்றதற்குப் பிறகு என்ன எழுதினீர்? கனவிலாவது வந்து சொல்லும். கெதியாப் பதில் தாரும்.