டம்பெல்லா, கேபிளா: தம்பிக்கு ஒரு பதில்

செந்திலு, என் கண்ணுத் தம்பி,

நீ கண்ணை மூடிப் பத்து மாதமாகிறது. இருந்தவரை உன் உடற்பயிற்சிப் பேச்சை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. புஜத்துப் பைசெப்ஸுக்குக் கையில் தூக்கும் டம்பெல்தான் சரி, கம்பியை இழுக்கும் கேபிள் மெஷின் சோம்பேறிகளுக்கு என்பாய். ஆதாரம் என்ன என்று கேட்பேன். கையை மடக்கிக் காட்டுவாய். அதற்கு மேல் நான் பேசியதில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலற்றுப்போனபின், தினமும் காலையில் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தது நீதான். நீ போனதும் ஆள் வைத்துப் பார்த்தேன், யாரும் நிலைக்கவில்லை. அப்பா படுத்தே கிடந்தார். முதுகுத் தோல் சிவக்கத் தொடங்கியது. புண்ணாகிவிட்டால் தாங்கமாட்டார் என்றார் மருத்துவர். வேறு வழியில்லாமல், கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வரும் வழியில், கணபதிப் பக்கம் ஒரு பெண்கள் ஜிம்மில் சேர்ந்தேன். நாற்பத்தொன்பது வயதில். சிரிக்காதே.

பயிற்சி தருபவள் ரேவதி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உன் பேச்சை நம்பி டம்பெல்லையே எடுத்தேன். "நல்லாத்தான் பண்றீங்க மேடம்" என்பாள். இரண்டு மாதமாகியும் கை தேறவில்லை, இடுப்புதான் வலித்தது. ஒரு காலை அப்பாவைப் பாதி தூக்கி, முடியாமல் மறுபடி கட்டிலிலேயே சாய்த்துவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உடு கண்ணு. நான் படுத்தே இருந்துக்கறேன்."

அன்று ரேவதியை நிறுத்திக் கேட்டேன். "நெசத்தைச் சொல்லு கண்ணு. நான் பண்றது சரியா?"

"இல்லைங்க மேடம். கையில தூக்காம இடுப்பை ஆட்டி ஆட்டித் தூக்கறீங்க."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க, வயசுல பெரியவங்க. மூஞ்சிக்கு நேரா தப்புன்னு எப்படீங்க சொல்றது? சங்கடமா இருக்குதுங்க."

நம் ஊர் மரியாதைக்கு என் இடுப்பு பலி.

பிறகு கேபிளுக்கு மாற்றினாள். டம்பெல்லோடு கையைத் தொங்கவிட்டால் பைசெப்ஸுக்கு வேலையே இல்லை, வீசித் தூக்கிவிடலாம். கேபிள் அப்படி விடுவதில்லை. கீழிருந்து மேல்வரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. உடம்பை ஆட்டினால் எடைத்தட்டுகள் மோதிச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கின்றன. ரேவதியைவிட அந்த மெஷின் நேர்மையானது. சோம்பேறிகளுக்கானதா அது?

ஆனால் நீயும் முழுக்கத் தப்பில்லை. கேபிளின் பாரம் போட்ட தடத்திலேயே வரும். அப்பா அப்படி வரமாட்டார், ஒரு பக்கமாகச் சரிவார். ஒவ்வொரு கையும் தனியாகத் தடுமாறித் தானே நிலைக்க, டம்பெல்தான் பழக்குகிறது. ஆகவே முதலில் கேபிள், கை படிந்ததும் டம்பெல் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆளைத் தூக்கக் கையைவிடக் கால்தான் முக்கியம் என்கிறாள் ரேவதி. அதை நீ ஏன் சொல்லவே இல்லை?

நேற்றுக் காலை மறுபடி குனிந்தேன். அப்பாவின் நல்ல கை சும்மா தொங்கிக் கிடந்தது.

"ஏனுங்கப்பா, தம்பி கழுத்தை மட்டும் கட்டிக்குவீங்க. என்னை ஏன் புடிக்கறதில்லை?"

"பொம்பளப்புள்ள. உம்மேல பாரம் போடக் கூடாதுன்னுதான் அம்மணி."

"புடிக்காட்டித்தானுங்கப்பா பாரம்!"

"அடக் கெரகமே! இதை முன்னாலயே சொல்றதில்லையா?"

பிடித்துக்கொண்டார். எழுந்து வந்துவிட்டார். அவர் நாற்காலியில், நான் மூச்சு வாங்கித் தரையில்.

அப்போதுதான் தோன்றியது. அவரைத் தூக்க உனக்கும் முடியாத காலைகள் இருந்தனவா? சொல்லச் சங்கடப்பட்டாயா? நாங்களும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே.

அப்பாவைப் படுக்கையில் விட்டுவிட மாட்டேன், தம்பி. என்னால் முடியாத நாளில், முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பயிற்சியில் இன்னும் மூன்று கிலோவைத் தாண்டாத,
உன் அக்கா