தேன் புல்

1951, கார்த்திகை 12, இரவு

தங்கச்சி ரஞ்சிதத்தின் எருமை இன்று கால் நடுங்கி, எழ எழ விழுந்தது. அதன் பாலில்தான் அவள் வீடு ஓடுகிறது. மூன்று நாளாக அது தின்றது, புழல் ஏரிக்கரையிலிருந்து நான் அறுத்து வந்த புல்லை. கதிரெல்லாம் பிசுபிசுத்தது. அறுத்த அன்றே தொட்டு நக்கினேன், தித்தித்தது. "தேன் புல்லும்மா! ரங்கூன்ல வெள்ளைக்காரன் மாட்டுக்கு இதான் போடுவான்" என்று அவளிடம் அளந்துவிட்டேன்.

மாட்டு டாக்டர் கதிரைப் பிய்த்துப் பார்த்தார். "தேன் இல்லம்மா, இது பூஞ்சைக்காளான். இதோட விஷம்தான் மாட்டை ஆட்டுது. இந்தப் புல்லை நிறுத்துங்க, தேறிடும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரங்கூன்ல இதே மாதிரி நூறு மாடு விழுந்து பாத்துகீறேன் சார்" என்றேன்.

ரஞ்சிதம் திரும்பினாள். "பாத்துகீறியா? அப்பால இன்னாத்துக்குண்ணா என் மாட்டுக்குப் போட்ட?"

மிச்சப் புல்லை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ரங்கூனை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை என்று காலையில் போய்ச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெரிந்தே போட்டேன் என்றுதான் நினைப்பாள். இருபது வருஷமாக ரங்கூன் கதையை நம்பியவள், இதை நம்புவாளா?